நயினார் மேஸ்திரியின் கட்டம்போட்ட சட்டை

சீவலப்பேரி ரோட்டுப் பக்கம் புதிதாக மனை பிரித்த அந்த நகரில் இன்றைக்கும் யாராவது வீடு கட்ட ஆரம்பித்தால், அக்கம்பக்கத்தார் வந்து முதலில் பார்ப்பது வாசல் கிழக்கே இருக்கிறதா வடக்கே இருக்கிறதா என்பதை அல்ல, முகப்பில் தொங்குகிற திருஷ்டி பொம்மைக்கு யாருடைய சட்டை போட்டிருக்கிறது என்பதைத்தான். அதற்குக் காரணம் ஆறுமுகநயினார் மேஸ்திரி என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சொல்லிவிட்டுத் தங்கள் கட்டைவிரலை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

நயினார் மேஸ்திரி பெரிய காண்ட்ராக்டர் ஒன்றும் இல்லை. ஒரு பழைய மொபெட், ஒரு மூலமட்டம், பத்துப் பன்னிரண்டு ஆட்கள், ஒரு வீட்டில் பாதி அவிழ்த்து இன்னொரு வீட்டில் பாதி கட்டி இரண்டு இடத்திலும் பாதிப் பாதியாகவே நின்ற சவுக்குக் கம்புகள், இவ்வளவுதான் அவருடைய ஸ்தாபனம். வேலையாட்களின் பாதுகாப்புக்கென்று அவரிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். காலையில் வேலை தொடங்கும்போது ஒரு தரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தரம், சாயங்காலம் மொபெட்டை உதைக்கும்போது ஒரு தரம், "பாத்துப் பண்ணுங்கலே" என்பார். மழையானாலும் வெயிலானாலும், அஸ்திவாரமானாலும் மொட்டைமாடியானாலும் அதைச் சொல்ல அவர் தவறியதே கிடையாது, அதனால் தன்னைப் போலப் பொறுப்பான மேஸ்திரி சுற்றுவட்டாரத்திலேயே இல்லை என்று அவருக்கு ஓர் எண்ணம். ஹெல்மெட்டும் ஒன்று இருந்தது. போலீஸுக்குப் பயந்து வாங்கியது, மொபெட் கைப்பிடியில் எப்போதும் தொங்கும்.

அவர் அப்போது கட்டிக்கொண்டிருந்தது தாணு சார் வீடு. டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற சிதம்பரதாணு சாருக்கு உலகத்தில் எதற்கும் ஒரு விளக்கம் உண்டு. சாமி, பேய், சகுனம், சுபநேரம் எதையும் நம்பமாட்டார், ஆனால் வீட்டம்மா நம்புவதால் எல்லாவற்றையும் செய்வார். முதல் தளம் போட்டு முடித்த அன்று, தெருவில் போகிறவர்கள் எல்லாம் கழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போவதைக் கண்ட சார் வீட்டம்மா, இன்றைக்குள் பொம்மை கட்டியாக வேண்டும், இல்லையென்றால் பச்சைத் தண்ணீர் இறங்காது என்று பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துவிட்டார்.

பொம்மை கட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. உள்ளே வைக்கோல், தலைக்கு மண்சட்டி, சட்டியில் சுண்ணாம்பால் முட்டைக் கண்ணும் மீசையும், உடம்புக்குச் சட்டை. அந்தச் சட்டை மட்டும் யாருடையது என்று தெரியாத சட்டையாக இருக்க வேண்டும், பழைய துணிக்காரனிடம் வாங்கி மூன்று தண்ணீர் அலசிப் போட வேண்டும். நயினார் மேஸ்திரிக்கு இது தெரியாததல்ல, இருபது வருஷமாகப் பொம்மை கட்டுகிறவர்தான். ஆனால் அன்றைக்குப் பழைய துணிக்காரன் வரவில்லை, அம்மா சேரை விட்டு எழுந்திருக்கவில்லை, மேஸ்திரிக்கோ ஒரு கல்யாண வீட்டுக்குப் போகும் அவசரம். ஆகவே அவர் தாம் போட்டிருந்த நீலக் கட்டம்போட்ட சட்டையை, முதுகில் வேர்வை காயும் முன்பே, மேல்பையில் காதில் இருந்து எடுத்து வைத்த பென்சிலோடு சேர்த்துக் கழற்றிப் பொம்மைக்கு மாட்டி, தொப்பை மட்டும் கொஞ்சம் இடிக்கிறது என்று வைக்கோலை இன்னும் ஒரு பிடி திணித்து, பனியனோடு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பினார்.

பந்தியில் உட்கார்ந்து சாம்பாருக்குக் குழி பறித்தார். அப்போது அவருடைய இடது கட்டைவிரலில் யாரோ சம்மட்டியால் அடித்தார்கள். அடித்தவர் யாரையும் காணோம். விரல் மட்டும் அவர் கண் முன்னாலேயே சிவந்து, வீங்கி, நகம் கறுத்துப் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்தது. பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கியபடியே, "என்ன மேஸ்திரி, விரலு நசுங்கிட்டா" என்று கேட்டார். "ஆமா போல" என்றார் நயினார்.

அதே நேரத்தில் தாணு சார் வீட்டு மாடியில் இசக்கிதுரை என்ற கொத்தனார், குறி தப்பித் தன் கட்டைவிரல் மேலேயே சுத்தியலை இறக்கிவிட்டு, வாயைத் திறந்து, அலறுவதற்குத் தயாராக நின்றுகொண்டிருந்தான். அலறல் வரவில்லை. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சந்தேகத்துக்கு இன்னொரு அடி அடித்துப் பார்த்தான். பந்தியில் நயினார் மேஸ்திரி தண்ணீர்த் தம்ளரைக் கீழே விட்டார்.

மறுநாள் தொடங்கி எல்லாமே அவருக்கு வந்து சேர ஆரம்பித்தது. கம்பி கட்டுகிறவர் முழங்கையைக் கீறிக்கொண்டால் கீறல் மேஸ்திரி முழங்கையில் விழும். பலகையில் நின்ற ஆணியை யாராவது மிதித்தால், கோயில் பிராகாரத்தில் செருப்பில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த மேஸ்திரி ஒற்றைக் காலில் நின்று அம்மனைக் கூப்பிடுவார், பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ வேண்டுதல் என்று வழிவிடுவார்கள். கைக்கு உறை இல்லாமல் சிமெண்ட் குழைத்தவர்களின் வெந்த விரல்கள் அத்தனையும் சேர்ந்து அவருடைய பத்து விரலில் வந்து எரிந்தன. ஆனால் இதெல்லாம் எப்போதாவது வருகிற விருந்தாளிகள். தினமும் தவறாமல் வந்தது பதினோரு மணி வலி. காலை பதினோரு மணி ஆனதும் அவருடைய கழுத்து தோளுக்குள் இறங்கும், இடுப்பு இரண்டாகப் பிளக்கும், மூட்டு இரண்டும் தன்னைத்தானே திருகிக்கொள்ளும். அடிபடவும் இல்லை, விழவும் இல்லை, இது எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு விளங்கவே இல்லை.

விளங்க வைத்தவள் உலகம்மாள். பதினாலு வருஷமாகத் தலையில் செங்கல் சுமக்கிற சித்தாள். மூன்றாம் நாள் அவள் சிமெண்ட் மூட்டை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்ததை மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"என்ன உலகம்மா, அடிபட்டுட்டா?"

"இல்ல மேஸ்திரி. இடுப்பு வலிக்கல."

"அதுக்கு ஏன் அழுத?"

"மூணு நாளா வலிக்கல மேஸ்திரி. பதினாலு வருசத்துல இப்படி ஒரு நாளு இருந்ததே இல்ல. இடுப்புன்னு ஒண்ணு இருக்கதே தெரியல. எனக்குப் பயமா இருக்கு."

நயினார் பதில் சொல்ல வாயெடுத்தார், அதற்குள் மணி பதினொன்று ஆகிவிட்டது, அப்படியே மூட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். குனிந்த மனிதரையும் தன்னுடைய நிமிர்ந்த இடுப்பையும் உலகம்மாள் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு அண்ணாந்து முகப்பில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்த நீலக் கட்டம்போட்ட சட்டையைப் பார்த்தாள். "அது உங்க சட்டைலா" என்றாள். அவ்வளவுதான், அன்று சாயங்காலத்துக்குள் நகர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

தெரிந்ததே தவிர யாரும் பெரிதாக வியக்கவில்லை. வேர்வை காயாத சட்டையைப் பொம்மைக்குப் போட்டால் வேறு என்ன நடக்கும் என்று டீக்கடையில் கேட்டார்கள். சுடலைமாடன் கோயில் பூசாரியிடம் போய் முறையிட்டதற்கு, அவர் திருநீற்றை அள்ளிப் போட்டு, "கிரகப்பிரவேசம் ஆகாம கட்டின பொம்மைல கை வைக்கக் கூடாது. இடைல அவுத்தா, இன்னும் வர வேண்டிய அத்தனையும் ஒரே நாள்ல வந்து சேரும், தாங்கமாட்டீரு" என்று சொல்லி அனுப்பினார். தாணு சார் மட்டும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இதெல்லாம் நரம்பு சம்பந்தப்பட்டது, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வைட்டமின் குறைந்தால் கை கால் இப்படித்தான் காட்டும், படிக்காத ஜனங்கள் பொம்மையைச் சொல்கிறார்கள் என்று தினமும் ஒரு மணி நேரம் விளக்கினார். பொம்மையைக் கழற்றிவிடலாமா சார் என்று மேஸ்திரி கேட்டபோது, "கழத்தினா எங்க வீட்ல சோறு கிடைக்காதுவே" என்றார்.

வேலையாட்கள் இதைத் தங்கள் சௌகரியத்துக்குத் தக்கபடி எடுத்துக்கொண்டார்கள். மேஸ்திரியின் போன் எப்போதும் சார்ஜ் இல்லாமல்தான் கிடக்கும், இனிமேல் அந்தக் கவலை இல்லை. மணல் தீர்ந்தால் இசக்கிதுரை தன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளுவான், கம்பி தீர்ந்தால் இரண்டு, தாணு சார் வந்துவிட்டால் தன் காதையே பிடித்துத் திருகுவான். சந்தையில் நின்று கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும் மேஸ்திரி தொடையைத் தடவிக்கொண்டு, "ரெண்டு. கம்பி கேக்கானுவ" என்று மொபெட்டை எடுப்பார். காய்க்காரியும் கூடையைக் கட்டிக் கொடுத்துவிடுவாள்.

பிறகு வெளியாட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தது மூட்டு வலிக்காரரான ஒரு ஓய்வு பெற்ற தாசில்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரே ஒரு செங்கல்லை இங்கிருந்து அங்கே வைத்தார், இப்போது தானும் இந்த இடத்து வேலையாள்தான் என்று சொல்லி மூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று நடந்து போனார். மறுநாள் பல் வலிக்காரி டீச்சர், அதற்கு மறுநாள் ஒற்றைத் தலைவலிக்காரர் இருவர், அந்த வாரக் கடைசியில் பேருந்து பிடித்து அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒரு குடும்பமே வந்து வரிசையில் நின்றது. இங்கே வேலை செய்கையில் உடம்பில் என்ன இருந்தாலும் அது மேஸ்திரிக்குப் போய்விடுகிறது என்று பேச்சு. ஒரு சாயங்காலம் தம்முடையதல்லாத பல்வலியில் தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு வந்த நயினார், மனையைச் சுற்றித் தகர வேலி அடித்து, ஒரு கதவு வைத்து, "வேலையாட்கள் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது" என்று சிவப்பு மையால் எழுதித் தொங்கவிட்டார். ஊரிலேயே முதல்முறையாக ஒரு கட்டட வேலைக்கு வேலி போடப்பட்டது இப்படித்தான்.

உள்ளே இருந்தவர்கள் அவரை இன்னும் படுத்தினார்கள். எதை மிதித்தாலும் வலிக்காது, எங்கே இடித்தாலும் வீங்காது என்று ஆன பிறகு யார்தான் குனிந்து பார்த்து நடப்பார்கள். இசக்கிதுரை கைப்பிடி இல்லாத மாடி விளிம்பில், பீடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பாட்டுப் பாடி நடந்தான்.

மேஸ்திரியின் மனைவி சண்முகவடிவு தினமும் மஞ்சள் பற்றுப் போட்டு, நாலு தரம் துணி கட்டி, அவரைச் சேரில் உட்கார வைப்பாள். ஒரு நாள் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"இதெல்லாம் போவட்டும். இது ஆறிரும். நாளைக்கு மூணாவது மாடில இருந்து ஒருத்தன் விழுந்தா?"

நயினாரும் நாலு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். விழுகிறவன் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து போவான், தாம் எந்த இடத்தில் நிற்கிறாரோ அந்த இடத்தில், இட்லிக் கடையிலோ ரேஷன் வரிசையிலோ, மூன்று மாடி உயரத்தில் இருந்து விழுந்த ஆளாகக் கிடப்பார். இன்னும் இரண்டு தளம் போட வேண்டும், அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டி, அதற்கப்புறம் வெளிப்பூச்சு.

"இங்கன உக்காந்து பாத்துப் பண்ணுங்கலேன்னு சொன்னாப் போதாது" என்றாள் சண்முகவடிவு. "நீங்க போயிப் பாருங்க."

அவர் போய்ப் பார்த்தார். இருபது வருஷமாக ஏறி இறங்கிய சாரத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். பாதிக் கம்பு இல்லை. இருந்த கம்பில் பாதிக்குக் கயிறு இல்லை. பலகை என்று போட்டிருந்தது பழைய கதவு, அதில் தாழ்ப்பாள் கூட இருந்தது. இதன் மேலா இத்தனை பேரை ஏற்றி இறக்கினோம் என்று நினைத்தபோது அவருக்குப் பயம் வந்தது, அது யாரிடமிருந்தும் வந்ததல்ல, சொந்தம்.

அதன் பிறகு அவர் செய்தவற்றை அந்த நகரில் கதை கதையாகச் சொல்வார்கள். இன்னொரு வீட்டுச் சாரத்தை முழுக்க அவிழ்த்துக்கொண்டு வந்து, ஒரே இடத்தில், இரட்டைக் கயிற்றில் கட்டினார். விளிம்புக்கெல்லாம் இடுப்புயரத்துக்குக் கம்பி. ஆளுக்கு ஒரு ஹெல்மெட், ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ், கையுறை. வலைக்குத் தூத்துக்குடி மச்சினனிடம் சொல்லி ஒரு மீன் வலையை வரவழைத்துக் கட்டினார், நல்லவேளையாகச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. இசக்கிதுரை எடைக்கு ஒரு மணல் மூட்டையை மேலிருந்து தள்ளிவிட்டார்கள். மூட்டை வலையைக் கிழித்து, கீழே சிமெண்ட் தொட்டியையும் உடைத்துக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தது. தம்மையே அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டது போல மேஸ்திரி கொஞ்ச நேரம் மூட்டைக்குப் பக்கத்தில் துக்க வீட்டுக்காரராக நின்றார், பிறகு மதுரைக்கு ஆள் அனுப்பிக் கட்டடத்துக்கென்றே விற்கிற வலையும் இடுப்புப் பெல்ட்டும் வாங்கி வரச் செய்தார்.

செங்கல்லை மேலே இழுக்க ஒரு சின்ன மோட்டார் வந்து இறங்கியது. அது வந்த அன்று காலை பதினோரு மணி ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று, கழுத்து தோளுக்குள் இறங்கவில்லை. மேஸ்திரி டீக்கடையில் எழுந்து நின்று கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார், எல்லாரும் பார்த்தார்கள். சித்திரை வெயிலில் பன்னிரண்டு முதல் மூன்று வரைக்கும் வேலை கிடையாது, ஓலைப் பந்தலுக்குக் கீழே படுக்க வேண்டும், மோர் குடிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார், ஏனென்றால் அத்தனை பேர் மண்டையில் அடிக்கிற வெயிலும் தம் ஒரே மண்டையில்தான் இடிக்கிறது. "வேல எப்பவே முடியும்" என்று தாணு சார் குதித்தார். "உமக்கு நரம்புக் கோளாறுன்னா அதுக்கு நான் எதுக்குவே மோர் கடையணும்?"

எல்லாரும் பெல்ட் போட்டார்கள், இசக்கிதுரை மட்டும் போடவில்லை. கொத்தனாருக்குப் பெல்ட் எதற்கு, நான் என்ன கன்றுக்குட்டியா என்றான். ஒரு நாள் அவன் விளிம்பில் நின்று ஒற்றைக் காலைத் தூக்கி ஆட்டம் காட்டியபோது உலகம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏல இசக்கி, கீழ விழுந்தா அந்த மனுசன் செத்துருவாருன்னு தெரிஞ்சும் ஆடுதியே, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?"

இசக்கிதுரை காலைக் கீழே வைத்தான். பீடியை எடுத்தான். "ஏக்கா, நான் விழுந்தேன்லா" என்றான். "அஞ்சு வருசத்துக்கு முன்ன. அப்ப பொம்மைக்கு இவரு சட்டை இல்ல."

நயினார் மேஸ்திரி கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஹைகிரவுண்டுப் பக்கம் ஒரு வீட்டில் சாரம் சரிந்து இசக்கிதுரை விழுந்தான், கால் முறிந்தது. மேஸ்திரி ஆறு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "பாத்துப் பண்ணக் கூடாதாலே" என்று கேட்டுவிட்டு வந்தார். அவன் விழுவதற்கு முன்பே, அடிபட்டால் உதவிப் பணம் தருகிற நலவாரியத்தில் பதிவதற்கு மேஸ்திரி கையெழுத்து வேண்டும் என்று அவன் மனைவி மூன்று தரம் தாளோடு வந்திருந்தாள், நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எட்டு மாதம் அவன் படுத்துக் கிடந்தான். அந்த எட்டு மாதமும் மேஸ்திரிக்கு ஒரு வலியும் இல்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அன்று மத்தியானமே பன்னிரண்டு பேரையும் ஷேர் ஆட்டோக்களில் ஏற்றிக் கூட்டிப்போய்ப் பதிவுத் தாள்கள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள் காலையில் ஒரு பெல்ட்டை எடுத்துக்கொண்டு தாமே மூன்றாவது மாடிக்கு ஏறி, இசக்கிதுரைக்கு முன்னால் போய் நின்றார்.

"இசக்கி, எனக்காகப் போடாண்டாம். நான் செத்தா உனக்கு என்ன. ஆனா இந்தப் பொம்மை இன்னும் ரெண்டு மாசந்தான். அதுக்கப்புறம் நீ விழுந்தா உனக்குத்தான் வலிக்கும். அதுக்கு இப்பமே பழகு."

இசக்கிதுரை பெல்ட்டை வாங்கிக்கொள்ளவில்லை. கைகளை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டான். மேஸ்திரியே குனிந்து கட்டிவிட்டார்.

வெளிப்பூச்சின் கடைசி வாரம். மேஸ்திரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனார். தாணு சார் வழக்கம்போல எதிரில் வைட்டமின் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது மேஸ்திரி பெஞ்சில் இருந்து ஒரு சாண் மேலே எழும்பினார். கால்கள் தரையில் படவில்லை. அப்படியே ஒரு நிமிஷம் அந்தரத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் மெதுவாகச் சுழன்றார், தம்ளரில் இருந்து ஒரு சொட்டு டீ கூடச் சிந்தவில்லை. டீக்கடைக்காரர், "மேஸ்திரி, இன்னொரு டீ போடவா, இறங்குனப்புறமா" என்று கேட்டார். மெதுவாகப் பெஞ்சில் இறக்கப்பட்ட நயினார் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். இடுப்பைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு ஒரு சிவந்த தடம், வேறு ஒன்றும் இல்லை. தாணு சார் அந்தத் தடத்தை எட்டிப் பார்த்தார், பேச்சை நிறுத்தினார், பிறகு "நரம்பு" என்றார், ஆனால் அவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை.

மேஸ்திரி செருப்பை விட்டுவிட்டு ஓடினார். மூன்றாவது மாடி உயரத்தில் பலகை வழுக்கி, இசக்கிதுரை பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தான், காற்றுக்கு மெதுவாகச் சுற்றினான். முகப்பில் அவனுக்குத் துணையாகத் திருஷ்டி பொம்மையும் ஆடியது. கீழே மேஸ்திரியைப் பார்த்ததும் அவன் கேட்டான்:

"மேஸ்திரி, வலிக்கா?"

இருபது வருஷத்தில் தாம் யாரிடமும் கேட்காத கேள்வி அது என்று நயினாருக்குப் பட்டது. "இல்லலே, வலிக்கலலே" என்றார். சொல்லிக்கொண்டே இருந்தார், அவனை மேலே இழுத்து ஏற்றிய பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார், அழுதார், அவர் அழுவது யாருடைய அழுகை என்று கேட்க அன்று யாரும் இல்லை, எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

கிரகப்பிரவேசம் நல்லபடியாக நடந்தது. பால் பொங்கிய பிறகு முறைப்படி பொம்மையை இறக்கி முச்சந்தியில் கொளுத்தினார்கள். நீலக் கட்டம்போட்ட சட்டை எரிந்து முடிந்த அதே நேரத்தில் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த உலகம்மாள் இடுப்பில் கை வைத்தாள். ஊருக்குப் போயிருந்த நாத்தனார் திரும்பி வந்ததுபோல வலி வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் செங்கல்லைத் தூக்கி ஏற்ற மோட்டார் வந்து இத்தனை மாதம் ஆகியிருந்ததால், வந்தவள் கொஞ்சம் இளைத்துத்தான் வந்திருந்தாள்.

நயினார் மேஸ்திரிக்கு ஒரு வலியும் இல்லை. ஆறு மாதத்தில் முதன்முறையாக நிமிர்ந்து நடந்தார், கறுத்த நகம் விழுந்து புது நகம் முளைத்தது. ஆனால் அவரால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. போன் அடித்தால், "யாரு விழுந்தா" என்றுதான் எடுப்பார். முன்பெல்லாம் யாருக்கு எங்கே என்ன என்று உட்கார்ந்த இடத்தில் தெரியும், இப்போது ஒன்றுமே தெரியவில்லை, வலியைவிட இது மோசம் என்று சண்முகவடிவிடம் சொன்னார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு மாதம் கழித்துத் தாணு சார் மெயின்ரோட்டில் நாலு மாடிக்குக் கடைகள் கட்டத் தொடங்கினார். வேலை நயினாருக்குத்தான். முதல் தளம் முடிந்து, பொம்மை கட்டுகிற நாள் வந்தது. பழைய வலை நாலு மாடிக்குப் போதாது, புதிதாக வலை வேண்டும், கூடுதல் ஆட்களுக்குப் பெல்ட் வேண்டும், தெருப்பக்கம் முழுக்கக் கைப்பிடி வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார்.

"அதெல்லாம் எதுக்குவே" என்றார் சார். "அது உமக்கு நரம்பு சரியில்லாதப்ப. இப்பந்தான் சரியாயிட்டுல்லா."

நயினார் தலையாட்டினார். பிறகு, மிகவும் பணிவாகக் கேட்டார்:

"சரி சார். பழைய துணிக்காரன் இன்னைக்கு வரல. உங்க சட்டை ஒண்ணு இருந்தாக் குடுங்க. பொம்மைக்குத்தான்."

தெருவில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். எதிர்ப்பக்கம் டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது. சுமந்த கூடையோடு உலகம்மாளும், கரண்டியோடு இசக்கிதுரையும் எட்டிப் பார்த்தார்கள். ஆறு மாதம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, பொம்மையாவது சட்டையாவது என்று விளக்கிய மனிதர் இப்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வார். தாணு சார் சுற்றிலும் பார்த்தார். காருக்குள் போய், சலவை செய்து மடித்து வைத்திருந்த ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து வந்து நீட்டினார்.

"எனக்கு இதுல ஒண்ணும் நம்பிக்கை கெடையாது, பாத்துக்கிடும்."

"இது சலவைச் சட்டை சார். போட்டிருக்கதக் குடுங்க. அதான் பொம்மைக்கு நல்லா உக்காரும்."

சார் டீக்கடையைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டார். நயினார் வேர்வை காயாத அந்தச் சட்டையை வைக்கோல் உடம்புக்கு அணிவித்து முதல் பொத்தானைப் போட்டார். தாணு சார் எதேச்சையாக மேலே பார்த்தார். கம்பி கட்டுகிறவர் விளிம்பில் குந்தியிருந்தார்.

"அவன் ஏன்வே அங்கன போயி இருக்கான்?"

"கைப்பிடி இல்லலா சார்" என்று நயினார் இரண்டாவது பொத்தானைப் போட்டார்.

"அந்தப் பொம்பள ஏன் அவ்வளவு செங்கல்ல ஒரே தடவைல தூக்குதா? இறக்கச் சொல்லும்."

"மோட்டாரு இதுக்கு எட்டாது சார். பெருசு வேணும்" என்று நயினார் மூன்றாவது பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார்.

"நில்லும்வே" என்றார் சார். "வலையெல்லாம் எங்க விக்கான்? மதுரையா? நானே போறேன். நான் வார வரைக்கும் ஒருத்தனும் மேல இருக்கக் கூடாது, எல்லாரையும் இறக்கும். டீ வாங்கிக் குடும். சுடச்சுடக் குடிக்க விடாதேயும், நாக்கு வெந்துரப் போவுது."

கார் போன பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். மேஸ்திரி மிச்சப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார். பொம்மையைத் தூக்கிக் கட்டுவதற்காகக் கையைப் பிடித்த உலகம்மாள், வெளிச்சட்டைக் கைக்கு உள்ளே இன்னொரு சட்டைக் கை இருப்பதைப் பார்த்தாள். பச்சைக் கட்டம் போட்டது, மேஸ்திரியுடையது, வேர்வை ஈரம் காயாதது. தையல் விட்ட இடத்தில் சண்முகவடிவு நேற்றுத்தான் ஊசி போட்டிருந்தாள், நூல் புதுசாக இருந்தது.

"ரெண்டா மேஸ்திரி?"

"ஒத்தை ஆளாத் தூக்கிப் பாத்தாச்சு உலகம்மா" என்றார் நயினார், கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "ரொம்ப பாரமா இருக்கு."

உலகம்மாள் கையை மெல்ல இடுப்பில் வைத்துப் பார்த்தாள். நாத்தனார் மறுபடியும் ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தாள். மதுரை ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டிருந்த தாணு சார், எதற்கென்று தெரியாமல், சீட்டில் ஒரு தரம் நெளிந்து உட்கார்ந்தார்.